முந்தினால் இரண்டு புள்ளி

டிசம்பர் 1, திங்கள்

எதிர்வீட்டு டாக்டர் பரணிதரன் காலை ஏழு மணிக்கே வந்து கார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கண் டாக்டர். மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறார், பன்னிரண்டு நாள்.

"ரெண்டு நாளைக்கொருக்கா எடுத்து ஓட்டுங்க சார். சும்மாவே நின்னா பேட்டரி எறங்கிருமுங்க. நீங்க ஓட்டுனா எனக்கு நிம்மதி" என்றார்.

சாவி என்று சொன்னாலும் அது சாவி மாதிரி இல்லை. தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி இருக்கிறது. கார் போன மாதம்தான் வந்தது. நீலம். ஐந்து விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்குமாம். எங்கள் தெருவின் நீளமே நூறு மீட்டர்தான்.

பத்து மணிக்கு நாகமாணிக்கம் போன் செய்தார். பழங்கார் மன்றத்தின் செயலாளர். ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம்: பழைய வண்டியும் புது வண்டியும், ஓர் ஒப்பீடு. டாக்டரின் கார் என் கையில் இருப்பது அதற்குள் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கம்பெனிப் பெயரை எழுதக்கூடாது என்பது உத்தரவு. விளம்பரம் தராதவனுக்கு இலவசமாக எதற்கு என்கிறார். ஆகவே என்னுடைய 1948ஆம் வருஷத்து வண்டி 'பழசு', டாக்டருடையது 'புதுசு'. முப்பத்தொரு வருஷம் பம்பு கம்பெனியில் தரச் சோதனை செய்தவன் நான். இதையும் முறையாகச் செய்துவிடலாம்.

மன்றத்தின் ரேலி இந்தத் தடவை ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது; அதற்கான படிவமும் தபாலில் வந்திருக்கிறது. பதினைந்தாம் தேதி கடைசி நாள். ஓட்டுநர்: சென்னியப்பன் என்று எழுதிவிட்டேன். நேவிகேட்டர், அதாவது பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் பார்க்கிறவர், என்ற கட்டத்தில் பதினோரு வருஷமாகச் சாந்தாமணி என்று யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

என் மனைவி உடுமலையில் இருக்கிறாள். போன கார்த்திகையில் அவள் தம்பி தங்கமுத்து தவறிப்போனான். அவன் மனைவி சிவகாமிக்குத் துணையாக ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பதினான்காம் தேதி வருஷத் திதி. அன்று போய்க் கையோடு கூட்டி வந்துவிட வேண்டியதுதான். வருவாள். வராமல் என்ன?

இரவுக்கு அரிசிம்பருப்புச் சாதம். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் பிடிபடவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

நேற்றைய சாதத்தையே காலையிலும் சாப்பிட்டேன்.

சோதனை ஒன்று: வண்டியைக் கிளப்புவது.

பழசு: பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர். சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரையும் இழுக்க வேண்டும். கிளப்புவதற்கு முன் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மொத்தம் பதினொரு வேலை, ஆறு நிமிடம். இரண்டு பேர் இருந்தால் மூன்று நிமிடம். சோக்கை அவள் பிடித்துக்கொள்வாள்.

புதுசு: பொத்தானை அமுக்கினால் போதும். கிளம்பியதா இல்லையா என்றே தெரியவில்லை. திரும்ப அமுக்கினேன், அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன். டாக்டர் வீட்டு வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிரைத் திறன்: புதுசு முந்நூற்றுச் சொச்சம். பழசு இருபத்தேழு. அந்த இருபத்தேழில் நாலைந்து குதிரைகள் எப்போதோ செத்திருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

புதுசை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். நாலு தேங்காய், வெங்காயம், ஒரு கட்டு முருங்கைக்கீரை. பையை இடது சீட்டில் வைத்தேன். வண்டி 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்தது. என்னவென்று புரியாமல் கதவைத் திறந்து மூடினேன். ஏசியை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை. கடைசியில் திரையில் படம் பார்த்துத்தான் விளங்கியது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறாராம், பெல்ட் போடவில்லையாம்.

தேங்காய்ப் பைக்கு பெல்ட் மாட்டினேன். வண்டி அமைதியானது. இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தோம்.

திரும்பும்போது திரையில் ஒரு காப்பிக் கோப்பைப் படம் வந்தது. களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்று அதற்கு அர்த்தமாம். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் இப்படிக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. காரிடம் கொஞ்சம் கோபம் வந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

மழை. இரண்டு வண்டியையும் எடுக்கவில்லை. யாரும் போன் செய்யவில்லை. சிலிண்டர் பதிவானதாக ஒரு மெசேஜ் வந்தது.

டிசம்பர் 6, சனி

சோதனை இரண்டு: பிரேக். புதுசு நினைத்த இடத்தில் நிற்கிறது. பழசு நிற்க வேண்டிய இடத்தைப் போன வாரமே நினைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சோதனை மூன்று: திரும்புவது. பழசுக்கு இண்டிகேட்டர் கிடையாது. பக்கவாட்டிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் சிறிய கைகள் இருந்தன, அவை உடைந்து நாற்பது வருஷம். வலது பக்கம் திரும்ப நான் கை காட்டுவேன். இடது பக்கத்துக்கு அவள் கை. மணிக்கட்டு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பஸ்காரனையும் நிறுத்திவிடுவாள். இன்றைக்கு ஓட்டிப் பார்த்தேன். வீட்டிலிருந்து சிங்காநல்லூர் குளம் வரை வலது பக்கத் திருப்பமாகவே தேடித் தேடிப் போனேன். ஒரு கிலோமீட்டர் தூரம் மூன்று கிலோமீட்டர் ஆனது.

டாஷ்போர்டு பெட்டியில் துடைக்கும் துணியைத் தேடினேன். அவளுடைய ஸ்டாப் வாட்ச்சும், போன வருஷத்து ரேலியின் நேரத் தாளும் இருந்தன. எந்த இடம், எத்தனை மணி என்று நேவிகேட்டர் எழுதிக்கொண்டே வரும் தாள். நான்காக மடித்திருந்தது. பிரிக்கவில்லை.

சாயங்காலம் உடுமலைக்குப் போன் செய்தேன்.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ம். மழைங்களா அங்க?"

"நேத்துப் பேஞ்சுது. ரேலி படிவம் வந்திருக்குது, சாந்தா."

அவளுக்குப் பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"அடுப்புல வேலையிருக்குது. வெச்சரட்டுங்களா?" என்றாள்.

மொத்தம் ஐம்பது விநாடி. போனே காட்டுகிறது, நான் அளக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சோதனை நான்கு. இது மலருக்கு அல்ல.

போன வருஷம் ரேலி நடந்ததும் ஞாயிற்றுக்கிழமைதான். பொள்ளாச்சி போய்த் திரும்பி, ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் முடிவு. அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தங்கமுத்து அங்கே ஐ.சி.யூ.வில் இருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தது 12.20. அவன் போனது 12.17. மூன்று நிமிடம். கையில் மட்டும் ஒரு வேகமான வண்டி இருந்திருந்தால் அவள் தன் தம்பியின் முகத்தை உயிரோடு பார்த்திருப்பாள் என்று ஒரு வருஷமாக எனக்குள் ஒரு எண்ணம். சோதித்துப் பார்க்காத எண்ணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் மூடிக்கிடக்கும் ஒரு லாரி எடைமேடை இருக்கிறது. அங்கிருந்து புதுசைச் சரியாக 11.47க்கு எடுத்தேன். மைதானத்தில், அன்றைக்கு நேரத் தாளில் முத்திரை வாங்க நின்ற மாதிரியே, ஒரு நிமிடம் நின்றேன். பிறகு மிதித்தேன். முந்நூறு குதிரைகளும் சுந்தராபுரம் சிக்னலில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றன. உக்கடத்தில் ஒரு ஊர்வலம். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது 12.18.

பழசு 12.20, புதுசு 12.18. அப்போதும் ஒரு நிமிடம் பின்னால்தான்.

செக்யூரிட்டி வந்து, "யாரப் பாக்கணுங்க?" என்றார். "யாரையுமில்லீங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். கருவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றினேன். சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

நாகமாணிக்கம் மறுபடியும் போன்.

"சென்னியப்பன், கட்டுரை எந்த மட்டுல இருக்குது? ஒண்ணு மறந்துராதீங்க. போன வருஷம் உங்க வண்டி சூடாயி நடுவழியில நின்னுபோச்சல்ல? அதையும் எழுதிப் போடுங்க. படிக்கறவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும். பழைய வண்டி வெச்சுட்டு அவசரத்துக்குப் போகக்கூடாதுன்னு."

"சரிங்க" என்றேன்.

எழுதியும் விட்டேன். 'பழைய வண்டிகளின் முக்கியக் குறை, சூடாவது. எனது வண்டியே சென்ற ஆண்டு பொள்ளாச்சி சாலையில்...' அதோடு நிறுத்திவிட்டேன். பம்பு கம்பெனியில் எத்தனையோ முறை மேனேஜர் வந்து, போனால் போகிறது, ஓகே போடுங்கள் என்பார். சோதிக்காத பம்புக்கு நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் எனக்குப் பதவி உயர்வு இரண்டு தடவை தள்ளிப்போனது. சாந்தாமணிதான் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

டிசம்பர் 10, புதன்

சோதனை ஐந்து: பழசு சூடாகிறதா?

உச்சி வெயிலில் பொள்ளாச்சி வரை போய்த் திரும்பினேன். மழைக்குப் பிறகு அடிக்கிற வெயில், சுள்ளென்று இருந்தது. கிணத்துக்கடவு மேட்டில் வேண்டுமென்றே இரண்டாவது கியரில் ஏற்றினேன். ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். என்னிடம் வந்த பதினாறு வருஷத்தில் இந்த வண்டி ஒரு தடவைகூடச் சூடாகி நின்றதில்லை. போன வருஷமும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வண்டியிலேயே உட்கார்ந்து அந்தத் தாளைப் பிரித்தேன். அவள் கையெழுத்து. ஆடுகிற வண்டியிலும் கோணாத எழுத்து.

11.38 சிவகாமி போன்.
11.43 எடைமேடை. நின்றோம்.
11.47 எடுத்தோம்.
11.49 முடிவு.
12.20 ஆஸ்பத்திரி.

எழுதித்தான் ஆக வேண்டும். நாட்குறிப்பிலும் பொய் எழுதினால் நான் வேறு எங்கே போவேன்?

எங்கள் ரேலி வேகப் பந்தயம் அல்ல. சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். பிந்தினால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி போகும். முந்தினால் இரண்டு புள்ளி. ஆகவே முந்திவிட்டவர்கள் வழியில் ஓரங்கட்டி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பதினோரு வருஷமாக நாங்களும் அப்படித்தான். 11.38க்குச் சிவகாமி கூப்பிட்டாள். "அவருக்கு மூச்சுத் திணறுதுங்க, டாக்டரு உடனே வரச் சொல்றாரு" என்றாள். சாந்தாமணி என்னிடம் சொன்னாள். அவள் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் நாலு நிமிடம் முந்தியிருந்தோம். எட்டுப் புள்ளி. எடைமேடை வந்ததும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "நாலே நிமிஷந்தான் சாந்தா. இருந்துட்டுப் போயிரலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு நிமிடமும் முழுதாக முடிந்த பிறகு, "எடுங்க" என்றாள்.

நிற்காமல் போயிருந்தால் இந்தப் பழசிலேயே 12.16க்குச் சேர்ந்திருப்போம். ஒரு நிமிடம் அவன் உயிரோடு இருந்திருப்பான்.

இது பாதிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சிவகாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கண்ணா இத்தன நேரம்?" என்று அழுதபோது, "வண்டி சூடாயி நின்னுபோச்சு அம்மிணி" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பக்கத்தில் சாந்தாமணி நின்றிருந்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுத முடியாது. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் சொந்தபந்தம் எல்லாரும், பாவம், பழைய வண்டி, அவர் என்ன பண்ணுவார் என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். காரியம் முடிந்த அன்று அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு சிவகாமி வீட்டுக்கே போய்விட்டாள்.

அந்த வருஷம் எங்களுக்கு முதல் பரிசு. கோப்பையைத் தபாலில் அனுப்பி வைத்தார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

கட்டுரை முடிந்தது. கடைசிப் பத்தி இது: 'பழைய வண்டிகள் சூடாகி நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனது வண்டி நின்றதில்லை. சென்ற ஆண்டு நின்றதாக நான் சொன்னது உண்மையல்ல. வண்டியை நான்தான் நிறுத்தினேன். ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டு வண்டிகளின் மீதும் குற்றம் இல்லை.'

நாகமாணிக்கம் இதைப் போடுவாரோ, வெட்டுவாரோ. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

டாக்டர் வந்துவிட்டார். சாவியைக் கொடுத்தேன். வண்டியைச் சுற்றிப் பார்த்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் சார், பக்கத்து சீட்டு பெல்ட் மாட்டியே இருக்குதே?" என்றார்.

"தேங்காய் வெச்சிருந்தனுங்க" என்றேன். தேங்காய் வைத்தது நாலாம் தேதி. அதற்கப்புறம் நான் அதைக் கழற்றவில்லை. இடது பக்கம் பெல்ட் மாட்டியிருந்தால் ஓட்டுகிறபோது கொஞ்சம் நன்றாக இருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நாளைக்கு உடுமலை. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் எழுதினேன், கிழித்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலை ஐந்தேமுக்காலுக்குப் பழசை எடுத்தேன். உடுமலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் மணி பார்த்தால் எட்டேகால். பத்து மணிக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. பழக்கதோஷம், ஒரு கல்லறுக்கும் பட்டறை முன்னால் ஓரங்கட்டிவிட்டேன். பிரேக்கைப் போட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. உடனே கியரைப் போட்டு எடுத்தேன்.

வாசலில் சாந்தாமணி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தலை நிமிர்ந்து, "பத்து மணிக்குன்னு சொன்னீங்க?" என்றாள்.

"முந்திட்டேன்" என்றேன்.

சொந்தக்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லை. சிவகாமி சமையற்கட்டில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, உக்காருங்க, காப்பி வெக்கறேன்" என்றாள். உட்காரவில்லை. அந்தத் தாளை அவள் கையில் கொடுத்தேன்.

"அன்னிக்கு வண்டி சூடாகல அம்மிணி. நீ போன் பண்ணுனதுக்கப்புறம் நாந்தான் நிறுத்துனேன். ரேலிக்காக நிறுத்துனேன். நாலு நிமிஷம். சாந்தா மேல ஒரு தப்புமில்ல. உங்கிட்டயும் எல்லார்கிட்டயும் பொய் சொன்னது நான்."

அவள் தாளை வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு கதவருகில் நின்ற தன் நாத்தனார் சாந்தாமணியைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமுங்களா நங்கை?" என்றாள்.

"தெரியும்" என்றாள் சாந்தாமணி. "நாந்தான் வாட்ச்சைப் புடிச்சுட்டிருந்தேன். எடுங்கன்னு ஒரு வார்த்த மொதல்லயே சொல்லியிருக்கோணும். சொல்லல. அதுதான் இங்கயே கெடக்கறேன்."

எனக்கு அது தெரியாது. ஒரு வருஷமாக அவள் என்மேல் உள்ள கோபத்தில் இங்கே இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளும் அந்த எடைமேடையிலேயே நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

சிவகாமி என்னிடம், "அக்கா வந்துருச்சா, அக்கா வந்துருச்சான்னு ரெண்டு தடவ கேட்டாருங்கண்ணா" என்றாள். தாளைச் சாந்தாமணியிடம் கொடுத்துவிட்டு வாழைக்காயை நறுக்கத் தொடங்கினாள். காப்பி வைக்கவில்லை.

திதி முடிந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். சிவகாமி இலையில் சோறு போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் ரசம் வேண்டுமா என்று கேட்டாள். சாந்தாமணியை நான் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடத்தான் வந்தேன், ஆனால் அந்த வீட்டில் நின்றுகொண்டு அதைக் கேட்க எனக்கு வாய் எழவில்லை. வண்டியில் ஏறியபோது அவள் கேட் வரைக்கும் வந்தாள். சோக்கை இழுத்துப் பிடிக்க ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டாள், கேட்காமலே. வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது.

"மணி என்ன?" என்றாள்.

"மூணு இருவது."

தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, படிவத்தை எடுத்து இந்த வருஷம் கலந்துகொள்ளவில்லை என்று எழுதி உறையில் போட்டேன். அப்போது போன் அடித்தது. அவள்தான்.

"எத்தன மணிக்குச் சேந்தீங்க?"

"ஆறு மணி ஏழு நிமிஷம்."

"ரெண்டரை மணி நேரந்தானே ஆகும். நடுவுல நின்னீங்களா?"

"நின்னேன். கிணத்துக்கடவு தாண்டி."

"சூடாயிருச்சுங்களா?"

"வண்டி சூடாகல சாந்தா. எனக்கு அழுகாச்சி வந்து ரோடு தெரியல. அதுதான் நிறுத்திட்டேன்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு மடித்த தாளைப் பிரிக்கிற ஓசை கேட்டது.

"எத்தன நிமிஷம்?" என்றாள்.

"பதினேழு."

"சரி" என்றாள். "எழுதிக்கறேன்."